பட்டி நாயைக் காவல் நாயாக்கிய குதிரைப்படை அதிகாரி

அல்சேஷன் என்று நாம் சொல்லும் நாய் உங்களுக்குத் தெரியும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எத்தனையோ தோட்டத்துச் சாளைகளின் வாசலில் அது சங்கிலியில் கிடக்கிறது. அதன் சொந்தப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்டு. ஷெப்பர்டு என்றால் ஆடு மேய்ப்பவர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனி என்ற பெயரே பிரிட்டனில் ஆகாமல் போனதால், அவர்கள் அதை அல்சேஷன் என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். நாம் அப்போது அவர்கள் ஆட்சியில் இருந்தோம். அந்தப் பெயரே நமக்கும் ஒட்டிக்கொண்டது. பெயரில் இருந்த ஆடு மறைந்துபோய், போலீஸ் நாய் என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது.

அந்த நாயை ஓர் இனமாக உருவாக்கியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் தெருநாய்க் கூட்டங்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். உங்கள் பட்டியிலேயே பார்த்தும் இருக்கலாம். செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்த பிறகு அரசு இழப்பீடும் அறிவித்தது. இப்போது ஆடு வைத்திருக்கும் பலர் நல்ல காவல் நாய் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ரோஷமான நாயை. ரோஷம் வேறு, காவல் வேறு. இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் ஸ்டெஃபானிட்ஸ்.

அவர் 1864 டிசம்பர் 30 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். உயர்குடிப் பிள்ளை. குதிரைப்படையில் அதிகாரியானார். பணிக்காலத்தில் பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிறிது காலம் இருந்தார். உடல் அமைப்பு, நடை, பரம்பரை பற்றி அவர் அங்கே கற்றது பின்னால் கைகொடுத்தது. ஆனால் அவர் மனதை இழுத்தது கல்லூரி அல்ல. படையோடு ஊர் ஊராகப் போகும்போது வழியில் கண்ட மேய்ப்பர்களின் நாய்கள்தான்.

அந்த நாய்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் மேய்ச்சல் துண்டுகளுக்கும் வெள்ளாமைக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரு பக்கம் புல், அடுத்த சாலில் கோதுமை. நூற்றுக்கணக்கான செம்மறிகள் அந்தக் குறுகிய துண்டுக்குள் மேய வேண்டும், கோதுமையில் வாய் வைக்கக் கூடாது. நாய் அந்த எல்லைச் சாலிலேயே மேலும் கீழுமாக நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கும். ஒரு ஆடு கோட்டைத் தாண்டினால் ஓடிப்போய்த் தள்ளும். அடங்காத ஆட்டைப் பிடரியிலோ தொடையிலோ கவ்வும். தோல் கிழியக் கூடாது. கவ்வியதும் விட்டுவிட்டுத் தன் சாலுக்குத் திரும்பிவிட வேண்டும். நம் கொறங்காட்டில் கிளுவை வேலி செய்கிற வேலையை அங்கே நாய் செய்தது. நடமாடும் உயிர்வேலி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கவ்வல். ஓநாய் இரை பிடிக்கும்போது பார்க்கிறது, பதுங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கொல்கிறது, தின்கிறது. இது ஒரு சங்கிலித் தொடர். மேய்ப்பு நாயிடமும் இதே தொடர்தான் இருக்கிறது. பார்வையும் துரத்தலும் கூடுதலாக, கொல்வது மட்டும் அடங்கிப்போகும்படி தலைமுறை தலைமுறையாக மேய்ப்பர்கள் நாய்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஆட்டைக் கொன்ற நாய்க்கு அடுத்த ஈற்று இல்லை. ஆட்டைக் கண்டு ஒதுங்கிய நாய்க்கும் இல்லை. உள்ளிருந்து நாயைத் தள்ளும் இந்த விசையைப் பயிற்சியாளர்கள் உந்துதல் என்கிறார்கள். பட்டிக்குள் புகும் தெருநாய்கள் இருபது ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைக்கூட முழுதாகத் தின்னாமல் போவதற்கும் இதே உந்துதல்தான் காரணம். பசி அங்கே பெரிய விஷயம் அல்ல. பட்டிக்குள் மிரண்டு ஓடும் ஒவ்வொரு ஆடும் துரத்தலை முதலிலிருந்து தூண்டிவிடுகிறது. ஓட்டம் நின்றால்தான் அதுவும் நிற்கும்.

1898இல் ஸ்டெஃபானிட்ஸ் கேப்டன் நிலைக்கு உயர்ந்தார். அதன் பின் ராணுவத்தை விட்டு வெளியேறினார். நாடக நடிகை ஒருவரை மணந்ததை மேலிடம் ஏற்காததே காரணம் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பவேரியாவில் கிராஃப்ராட் என்ற ஊருக்கு அருகே பண்ணை வாங்கிக் குடியேறினார். அடுத்த ஆண்டு, 1899 ஏப்ரலில், நண்பர் ஆர்டர் மேயரோடு கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்குப் போனார். அங்கே சாம்பல் நிறத்தில் ஓநாய் போன்ற ஒரு மேய்ப்பு நாயைக் கண்டு அங்கேயே விலை பேசி வாங்கினார். ஹெக்டர் என்றிருந்த அதன் பெயரை ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராட் என்று மாற்றினார். அதே மாதம் 22ஆம் தேதி ஜெர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கத்தைத் தொடங்கி, பதிவேட்டின் முதல் எண்ணை ஹோராண்டுக்குக் கொடுத்தார். இன்று உலகில் உள்ள ஜெர்மன் ஷெப்பர்டுகள் எல்லாவற்றின் வம்சாவளியும் அந்த ஒற்றை நாயைத் தொடுகிறது.

ஹோராண்டைப் பற்றி அவர் எழுதி வைத்ததைச் சங்கிலியில் நாய் கட்டியிருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் கண்ணசைவுக்குக் கட்டுப்படும். தனியே விட்டால் ஊரிலேயே பெரிய போக்கிரி. வம்பை விலைக்கு வாங்கும். குழந்தைகள் என்றால் உயிர். நல்ல மனிதர்களிடம் நட்பு, யாரிடமும் குழைவு இல்லை. ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அதன் குறைகள் வளர்ப்பில் வந்தவை, பிறப்பில் வந்தவை அல்ல என்றார் ஸ்டெஃபானிட்ஸ். செலவாகாத ஆற்றல் உள்ளே தேங்கிக் கிடந்ததே அதன் நோய் என்றும், அந்த நாளிலேயே அதற்கு முறையான பயிற்சி கிடைத்திருந்தால் எப்படிப்பட்ட நாயாக வந்திருக்கும் என்றும் வருந்தினார்.

உழவுக்குப் பழகாமல் கட்டுத்தரையிலேயே கொழுத்த காளை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாயும் அப்படித்தான். மேய்ப்பு இனத்து நாயை வாங்கி நான்கடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டினால் அந்த உந்துதல் மறைந்துவிடாது. போகிற வண்டியைத் துரத்தத் துடிப்பதாகவும், காரணமில்லாமல் குரைப்பதாகவும், ஒரு நாள் சங்கிலி அவிழ்ந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மேல் பாய்வதாகவும் வெளியே வரும். கட்டிக்கிடக்கும் நாய் வருகிறவரை எல்லாம் பார்த்துப் பாய்வதை நாம் காவல் என்று நினைக்கிறோம். பல நேரம் அது பயம். பயந்த பிராணிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஓடுவது, இன்னொன்று எதிர்ப்பது. சங்கிலி ஓடும் வழியை அடைத்துவிடுகிறது. சோற்றில் மிளகாய்த்தூள் கலந்து போட்டால் ரோஷம் வரும், இருட்டறையில் அடைத்தால் ரோஷம் வரும், குச்சியால் குத்திச் சீண்டினால் ரோஷம் வரும் என்று நம் பக்கம் சொல்வார்கள். வருவது வயிற்று எரிச்சலும் பயமும்தான். அப்படி வளர்த்த நாய் திருடனைக் கடிக்கிற அளவுக்கே பால்காரரையும் கடிக்கும்.

ஸ்டெஃபானிட்ஸ் சங்கம் தொடங்கிய காலத்தில் ஜெர்மனியில் ஆடு வளர்ப்பு இறங்குமுகமாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவு விலைக் கம்பளி வந்து குவிந்தது. மேய்ச்சல் நிலங்கள் உழவுக்கும் ஊருக்கும் போய்க்கொண்டிருந்தன. மேய்ப்பர் போனால் நாயும் போய்விடும். நம் ஊரில் கவலை ஏற்றம் போய் மோட்டார் வந்தபோது காங்கேயம் காளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். வேலையில்லாத இனம் ஒன்று அழியும், இல்லாவிட்டால் அழகுப் பொருளாகும். இரண்டையும் ஸ்டெஃபானிட்ஸ் விரும்பவில்லை. எல்லையில் ஓயாமல் நடக்கும் உழைப்பு, அந்நியரைக் கண்டால் நிமிரும் விழிப்பு, சொல்லுக்கு அடங்குதல் ஆகிய மூன்றையும் வேறு எந்த வேலைக்குத் திருப்பலாம் என்று யோசித்தார். காவல் துறையின் கதவைத் தட்டினார், ராணுவத்தின் கதவையும் தட்டினார். முதலில் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாய்களைக் கொடுத்து வேலை செய்துகாட்டிய பிறகே நம்பினார்கள். முதல் உலகப் போரில் அந்த நாய்கள் செய்தி கொண்டு ஓடின, காயம்பட்டுக் கிடந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தன. போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி 1916இல் ஓல்டன்பர்க்கில் தொடங்கியபோது அங்கேயும் இந்த இனம் போனது. பாய்ந்து பிடிக்கும் நாயும் கண்ணில்லாதவருக்கு வழிகாட்டும் நாயும் ஒரே இனம் என்பது முதலில் கேட்க வியப்பாகத்தான் இருக்கும். உந்துதல் ஒன்று, அது பாயும் வாய்க்கால் வேறு.

காவல் நாய்க்கான தேர்வு உருவானதும் அவர் சங்கத்தில்தான். அதில் மூன்று பகுதி. மோப்பம் பிடித்துத் தடம் தொடர்வது முதல் பகுதி. கீழ்ப்படிதல் இரண்டாவது. காவல் மூன்றாவது. மூன்றாம் பகுதியைப் பார்க்கப் போனால் நாய் மனிதனைக் கடிப்பதைப் பார்க்கலாம் என்று நினைப்பீர்கள். கடிப்பதும் உண்டு, தடித்த கையுறை போட்ட ஆளை. ஆனால் தேர்வு பார்ப்பது அதை மட்டும் அல்ல. மறைவில் ஒருவர் நிற்கிறார். நாய் தேடிப்போய்க் கண்டுபிடித்து எதிரே நின்று குரைக்க வேண்டும். அவர் அசையாமல் நின்றால் தொடக் கூடாது. ஓடினால், தாக்கினால், கவ்வ வேண்டும். உறுதியாக, வாய் நிறைய. வளர்ப்பவர் விடு என்றதும் அந்த நொடியே விட வேண்டும். விடாத நாய் எவ்வளவு வீரமாகக் கவ்வியிருந்தாலும் தோற்றுப்போகும்.

பயிற்சியாளர்கள் இங்கே இரண்டு வகைக் கடியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வேட்டை உந்துதலில் வரும் கடி விளையாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். நாயின் வால் தளர்வாக ஆடும், கடி ஆழமாகவும் அமைதியாகவும் இருக்கும், கவ்வியதைத் தூக்கிக்கொண்டு பெருமையாக நடக்கும். தற்காப்பு உந்துதலில் வரும் கடி வேறு. பிடரி மயிர் சிலிர்க்கும், காது பின்னால் மடியும், பல் தெரிய உறுமும், நுனிப்பல்லால் கடித்துக் கடித்து விடும், கண் தப்பிக்க வழி தேடும். நல்ல காவல் நாய்க்கு இரண்டும் தேவை. முதலாவதில் தொடங்கிப் பழக்கி, நாய் வளர்ந்து மனம் திடமான பிறகே இரண்டாவதைக் கொஞ்சமாகத் தொடுவார்கள். குட்டிப் பருவத்திலேயே மிரட்டிப் பழக்கினால் நாயின் நெஞ்சுரம் உடைந்துவிடும், பிறகு ஒட்டாது. இந்த வேலை தேர்ந்தவர் கையில் நடக்க வேண்டியது. வீட்டில் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

போருக்குப் பின் இந்த இனத்துக்கு உலகெங்கும் கிராக்கி வந்தது. திரைப்படத்திலும் நடித்தது. கிராக்கி வந்தால் என்ன நடக்கும் என்று விதை வியாபாரம் பார்த்த நமக்குத் தெரியும். தேர்வு இல்லாமல் குட்டி போட வைத்தார்கள். நாய்கள் உயரமாகிக்கொண்டே போயின. பல் குறை, நடுக்கம், பயந்து கடிக்கும் குணம் எல்லாம் தலைகாட்டின. ஸ்டெஃபானிட்ஸ் 1920களின் தொடக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தார். கண்காட்சிப் பரிசு மட்டும் போதாது. உடலும் குணமும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு, இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடலாமா என்று எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். 1925 கண்காட்சியில் எல்லாரும் எதிர்பார்த்த உயரமான நாய்களை விட்டுவிட்டு, குட்டையாகவும் நீளமாகவும் திடமான குணத்தோடும் இருந்த குளோடோ ஃபாம் பாக்ஸ்பர்க் என்ற நாயை முதலாவதாக நிறுத்தினார். அதிலிருந்து இனத்தின் போக்கே திரும்பியது.

நான் உழவியல் படித்தவன், நாய் என் துறை அல்ல. ஆனாலும் இந்த இடத்தில் ஸ்டெஃபானிட்ஸ் செய்தது நமக்கு அந்நியமான வேலை அல்ல. களத்தில் குவிந்த நெல்லிலிருந்து விதை எடுக்காமல், வயலில் நிற்கும் பயிரைப் பார்த்துக் கதிர் பொறுக்குவது போன்றது அது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் காங்கேயம் மாட்டினத்தைத் தேர்ந்து வளர்த்ததும் இந்த வழியில்தான். ஸ்டெஃபானிட்ஸுக்குக் கிடைத்த வெற்றி முழுமையானது என்று சொல்ல மாட்டேன். நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்த்து இனத்தை விரைவாக நிலைப்படுத்தியவர் அவர். குணம் நிலைத்ததோடு குறைகளும் நிலைத்தன. பிற்காலத்தில் கண்காட்சிக்காரர்கள் முதுகு சரிந்து பின்கால் மடங்கிய உருவத்தை அழகென்று வளர்த்தார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தின் பெரிய தலைவலியாக இன்றும் இருக்கிறது. நம் பக்கம் கண்காட்சிப் பரிசைச் சொல்லி விலை கூட்டுகிறார்கள். பெற்ற நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

அவரை உத்தமராகக் காட்டவும் தேவையில்லை. அவர் காலத்து இனப்பெருமைப் பேச்சு அவரிடமும் இருந்தது. அவர் எழுதிய நாய்ப் புத்தகத்தில் யூதர்களை இழிவாகச் சொல்லும் இடமும் உண்டு. ஆனால் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் கட்டி வளர்த்த சங்கத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவர நெருக்கினார்கள். 1935இல் அவர் சங்கத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு, 1936 ஏப்ரல் 22 அன்று, சங்கம் தொடங்கிய அதே தேதியில், இறந்தார். சில ஆண்டுகளில் வதை முகாம்களின் வேலியோரம் கைதிகள் மீது ஏவப்பட்டது இதே இன நாய். நாய் மாறவில்லை, சங்கிலியைப் பிடித்த கைதான் மாறியது.

இனி உங்கள் பட்டிக்கு வருவோம். ஜெர்மன் ஷெப்பர்டு பகலில் வேலியாக நடக்கவும் ஆளோடு சேர்ந்து வேலை செய்யவும் பிறந்த நாய். இரவில் தனியே ஆட்டோடு படுத்துக் காவல் காப்பது அதன் பிறவி வேலை அல்ல. துரத்தும் உந்துதல் கூடுதலாக உள்ள நாயைப் பழக்காமல் பட்டிக்குள் விட்டால் அதுவே ஆட்டை விரட்டும். பட்டிக் காவலுக்கு உலகெங்கும் வைத்திருப்பது வேறு வகை. இமயமலைச் சாரலில் கத்தி மேய்ப்பர்களின் நாய்கள் அப்படிப்பட்டவை. துரத்தும் ஆசை குறைவு, நிதானம் அதிகம், குட்டியிலிருந்தே ஆட்டோடு படுத்து ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கும். மூன்று வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி எதோடு வாழ்கிறதோ அதைத் தன் இனமாகக் கொள்ளும் பருவம். அந்த நாட்களில் அதன் இடம் ஆட்டுக் குட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதோடு வீட்டு ஆட்கள், குழந்தைகள், வந்துபோகும் கால்நடை மருத்துவர் ஆகியோரையும் அது அமைதியாகப் பார்த்துப் பழக வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். கடியின் அளவைத் தாயும் கூடப் பிறந்தவையும் கற்றுக்கொடுக்கும் பருவம் அது.

இதற்கு வெளிநாட்டு இனம் தேட வேண்டியதில்லை. ஆட்டோடு பல ஆண்டு இருந்து ஒரு ஆட்டையும் தொடாத நாட்டு நாய் உங்கள் ஊரில் இருந்தால் அதன் குட்டியைப் பேசி வையுங்கள். தோட்டத்துக்குக் காவல் என்றால் கோம்பை, ராஜபாளையம் இருக்கின்றன. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது.  ராஜபாளையத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை உடலும் சிவந்த மூக்கும் வேண்டும் என்று பொறுக்கியதால் சில வம்சங்களில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. குட்டி பார்க்கப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பாருங்கள். பிறகு தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அது எழுந்து குரைத்து, உடையவர் ஒரு சொல் சொன்னதும் அடங்கி, சற்று நேரத்தில் உங்களை முகர்ந்து பார்க்க வந்தால் குட்டிக்கு முன்பணம் கொடுக்கலாம். கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தாலோ, மூலையில் பதுங்கி உறுமினாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். வாங்கிய குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும்.